ஈக்குவல் பட்டன்

காற்றுக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் கடையை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் திறந்துவைத்துக் காத்திருப்பார். கொக்கி மாட்டாத ஜன்னல் எங்கேயாவது படாரென்று அடித்துக்கொள்ளும். அடுத்த நொடி கலகலவென்று கண்ணாடி உதிரும். டீக் கிளாஸைக் கீழே வைக்காமலே அவர் காதைச் சாய்த்துக் கேட்பார்.

"ரெண்டாவது மாடி. சமையலறை ஜன்னல். இப்ப வந்துடுவாங்க பாரு."

"அடுத்தவங்க வீட்டுக் கண்ணாடி உடைஞ்சா அப்படி என்ன சந்தோஷம் உங்களுக்கு?" என்பாள் மனைவி.

"உடைச்சது காத்து. நான் போட்டுக் குடுக்குறவன்தானே?"

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். நடுவில் ஒரு துணித் திரை. கடையில் பாதி இடத்தைக் கண்ணாடித் தகடுகள் நிறுத்திவைத்த மரச் சட்டங்கள் பிடித்துக்கொள்ளும். மீதி இடத்தில் கம்பளி விரித்த பெரிய மேஜை. எப்போதும் மண்ணெண்ணெய் வாசனை. கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டுக் கண்ணாடி மேல் ஓட்டினால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே வெட்டு நன்றாக விழுந்ததா இல்லையா என்று திரைக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மனைவி சொல்லிவிடுவாள்.

மேஜையின் வலது மூலையில் ஒரு பாக்கெட் கால்குலேட்டர் இருந்தது. மகள் பிறப்பதற்கு முன்னால் வாங்கியது. கறுப்பு உடம்பு, தேய்ந்துபோன தோல் உறை, அழுத்தினால் 'க்ளிக்' என்று சொல்லும் பட்டன்கள். எண்கள் சிவப்பு நெருப்புப் பொட்டுப் பொட்டாக எரியும். வெயில் நேரத்தில் கையைக் குவித்து நிழல் கொடுத்தால்தான் தெரியும். மகள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, போன்லயே கால்குலேட்டர் இருக்கு."

"போன்ல வர்றது படம்மா. இதுல வர்றதுதான் நம்பர்."

மகள் போனைப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

தப்பு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு ஜன்னல் கண்ணாடி சட்டத்தில் நிற்காமல் லொடலொடவென்று ஆடியது. கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்கே வெட்ட முடியாது, வெயிலில் விரியும். அதனால் நாலு மில்லிமீட்டர் குறைத்து வெட்டுவார்கள். அதற்கு மேல் குறைந்தால் ரப்பர் பிடிக்காது. பெரிதாகப் போனாலாவது ஓரம் தேய்த்துச் சரி செய்யலாம், சின்னதாகப் போன கண்ணாடியை இழுத்து நீட்ட முடியாது. கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே வேறு கண்ணாடி வெட்டிப் போட்டுவிட்டு வந்தார். "கண்ணு எங்கயோ போயிடுச்சு," என்றார்.

பிறகு இன்னொன்று வந்தது. அப்புறம் மருத்துவமனை வரவேற்பறையின் ஒரு பெரிய தடுப்பு. திரும்பிவந்த கண்ணாடிகளெல்லாம் பின்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்றன. மழை பெய்தால் அவற்றின் மேல் தண்ணீர் வழிந்து இறங்குவதை அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குறைந்தது. உடைகிற சத்தம் கேட்டாலும் எந்த மாடி என்று சொல்வதை விட்டுவிட்டார்.

சில நேரம் கால்குலேட்டரில் இரண்டால் வகுத்த எண் பாதியாக வர வேண்டிய இடத்தில் கால்வாசியாக வந்து நிற்கும். தன் விரல்தான் தடுமாறுகிறது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போடுவார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே சேர்த்துவைத்துக்கொண்டார்.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மறதிக்கு மருந்து வாங்க வருகிறவர்களின் பிள்ளைகள் சொல்லும் கதைகளை நாள் முழுக்கக் கேட்பவள். 'முதல்ல சின்னச் சின்னத் தப்புதாங்க வந்துச்சு' என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அவள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். அம்மா, "வாயைக் கழுவு," என்றாள். ஆனால் டாக்டரிடம் போகிற அன்று முதலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றதும் அம்மாதான்.

டாக்டர் சிரித்த முகத்துக்காரர். என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டுவிட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். கண்ணாடிக்காரர் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று படி இறங்குகிற மாதிரி இறங்கினார். டாக்டர் போதும் என்று கை காட்டியும் நிற்கவில்லை. இரண்டு வரைக்கும் வந்து, "இன்னும் கீழ போகணுமா சார்? மைனஸ்ல போகும்," என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க நல்லா இருக்கீங்க. நல்லாத் தூங்குங்க, அது போதும்."

வெளியே வந்ததும் மகள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "கேட்டீங்களாப்பா? ஒண்ணும் இல்லையாம்."

"நல்ல டாக்டர்தான்," என்றார் அவர். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா அவரு என்னை ஒரு ஜன்னல் அளக்கச் சொல்லலையேம்மா," என்றார்.

இந்த நிலைமையில்தான் பார்லர் அக்காவின் கண்ணாடி வந்து சேர்ந்தது. தெருமுனையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். கடையைப் பெரிதாக்கி, சுவர் முழுக்க ஒரே முகம்பார்க்கும் கண்ணாடி வேண்டும் என்றாள். நடுவில் ஒட்டு இருக்கக்கூடாது. லாரியில் நிறுத்திவைத்துக் கொண்டுவந்த அந்தத் தகட்டை நாலு பேர் இறக்கினார்கள். அந்த அளவில் இன்னொன்று வரவழைக்க வேண்டுமென்றால் காற்றுக் காலமே முடிந்துவிடும். கடைக்குள் அதை நிறுத்தியதும் கடை இரண்டு மடங்காகத் தெரிந்தது. கண்ணாடிக்காரரும் இரண்டு பேராகத் தெரிந்தார். இரண்டு பேருமே முகம் வாடி இருந்தார்கள்.

அவர் அதை வெட்டவில்லை. இன்று காற்று அதிகம், நாளை வெளிச்சம் போதாது, மறுநாள் கட்டர் மழுங்கிவிட்டது. பார்லர் அக்கா சீப்பைக் கொண்டையில் செருகியபடி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, என் கடைக்கு வர்றவங்க எல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. முடி எப்படி இருக்குன்னு என்னையத்தான் கேக்குறாங்க. நான் எத்தனை நாளைக்கு நல்லா இருக்குன்னே சொல்லிக்கிட்டு இருக்குறது?"

"ஆகட்டும்மா. ரெண்டு நாள்."

அவள் போனதும் மனைவியிடம், "இதை வேற கடைல குடுத்து வெட்டிடலாம்னு பாக்குறேன்," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதனால்தான் அவள் செய்த வேலையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை கோபம் வந்தாலும், யாருடன் சண்டை என்றாலும், கட்டரை இன்னொருவர் கையில் கொடுக்கிற மனிதர் இல்லை அவர்.

அன்று மத்தியானம் மழை விட்டிருந்தது. அவள் பின்கட்டில் சாய்ந்திருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி. துடைத்துக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இதுல எது எது பெரிசாப் போச்சு?"

"பெரிசா எதுவும் போகலை. எல்லாம் சின்னதுதான்."

"ஒண்ணுகூடவா பெரிசு இல்ல?"

"இல்லன்னு சொல்றேன்ல? சும்மா புண்ணைக் கிளறாத."

"இந்த மருத்துவமனைக் கண்ணாடி எவ்வளவு சின்னது?"

"நாலு மில்லி."

"இது?"

அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "அதுவும் நாலு."

"அப்ப இந்த நீட்டமா இருக்குறது?"

"நாலுதான். எல்லாமே நாலுதான். குறைக்க வேண்டியதை ரெண்டு தடவை குறைச்சிருக்கேன். குறைச்சது மறந்துபோய் மறுபடி குறைக்கிறேன் போல. அதைத்தானே மறதிங்கிறாங்க?"

அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"இங்க பாருங்க. உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். நீங்க தப்புப் பண்ணாத ஆளு இல்ல. குடையைத் தொலைச்சீங்க. என் தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநாள் போய் நின்னீங்க. ஆனா ஒரே தப்பை அளவு மாறாம திரும்பத் திரும்பப் பண்ணுற அளவுக்கு நீங்க ஒழுங்கானவரு கிடையாது."

இது புகழ்ச்சியா திட்டா என்று அவருக்கு விளங்கவில்லை. அவள் அதற்குள் தம்பிக்குப் போன் போட்டிருந்தாள்.

தம்பியை எல்லோரும் ரேடியோ என்பார்கள். ரேடியோ ரிப்பேர் அவனுக்குத் தெரியாது. வாயை மூடமாட்டான் என்பதால் வந்த பெயர் அது. கடைகளில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்ப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை பைநிறைய ஸ்க்ரூ டிரைவரும், வாய்நிறையப் பேச்சுமாக வந்து சேர்ந்தான்.

"மாமா, என்ன இது, அருங்காட்சியகத்துலேருந்து திருடிட்டு வந்தீங்களா? இதுக்கு பேட்டரி போடுறீங்களா, விறகு போடுறீங்களா?"

"வந்த வேலையைப் பாரு மச்சான்," என்றார் கண்ணாடிக்காரர்.

மகள் அவித்த முட்டையும் ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். ரேடியோ பேட்டரியைக் கழற்றினான். முனைகளில் பச்சை பிடிக்கவில்லை. புது பேட்டரி போட்டான். எல்லா எண்களையும் வரிசையாக அழுத்தினான். எல்லாம் ஒழுங்காக எரிந்தன.

"சரி, நீங்க கடைசியா எந்த பட்டனை அழுத்துவீங்க?"

"ஈக்குவல்தான். வேற எதை?"

ரேடியோ நூறு போட்டு, நாலைக் கழித்து, ஈக்குவலை அழுத்தினான். தொண்ணூற்றாறு. ஈக்குவலை இன்னொரு தடவை அழுத்தினான். தொண்ணூற்றிரண்டு.

"பார்த்தீங்களா? இந்த மாதிரி மிஷின்ல ஈக்குவலை ரெண்டு தடவை அழுத்தினா, கடைசியாச் செஞ்ச கணக்கை மறுபடி செய்யும். அது தப்பு இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்கான். ஆனா பட்டன் பழசானா ஒரு தடவை அழுத்துனாலே உள்ள ரெண்டு தடவை தட்டும். தராசுலயும் இதே வியாதி உண்டு. ஒரு கிலோ தக்காளின்னு அழுத்தினா பதினோரு கிலோன்னு காட்டும். மனுஷன் சண்டைக்கு வந்துடுவான்."

"நாலு மில்லி!" என்றாள் மனைவி. எழுந்தே நின்றுவிட்டாள். "நான் சொல்லலை?"

"இரு அக்கா. இது செய்யுதான்னு பார்க்கணும்ல?"

மறுபடி நூறு. கழித்தல் நாலு. ஈக்குவல். தொண்ணூற்றாறு. மறுபடி. தொண்ணூற்றாறு. ரேடியோ பேசுவதை நிறுத்திவிட்டு அழுத்தினான். அவன் பேசாமல் இருப்பதைப் பார்க்கவே பயமாக இருந்தது. மகளும் வாங்கி அழுத்திப் பார்த்தாள். மெதுவாக, வேகமாக, கட்டைவிரலால், ஆள்காட்டி விரலால். எத்தனை முறை அழுத்தினாலும் தொண்ணூற்றாறுதான். சிவப்பு எண்கள் அத்தனை நல்ல பிள்ளையாக எரிந்தன.

டீ ஆறிப்போனது. வெளியே தூறல் போட்டது. மகள் தலையைத் தூக்கவில்லை. மிஷின் சரி என்றால் மீதி இருப்பது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடிக்காரர்தான் எழுந்தார். "போதும் மச்சான். மூடி வை. நல்லாத்தான் வேலை செய்யுது, பாவம். அதைப் போய்ச் சந்தேகப்பட்டுக்கிட்டு."

அப்போது அவர் மனைவி, "நீங்க ரெண்டு பேரும் அழுத்தாதீங்க. அவரு அழுத்தட்டும்," என்றாள்.

"நான் அழுத்தினா மட்டும் என்ன..."

"உட்கார்ந்துக்கிட்டு இல்ல. மேஜைகிட்டப் போய் நில்லுங்க. வேலை செய்யுற மாதிரி. அந்தக் கட்டரை எடுத்துக் கைல பிடிங்க."

அவர் சலிப்போடு போய் நின்றார். கட்டர் கையில் வந்ததும் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. இடது கை அளவுகோலைப் பிடித்துக்கொண்டது. வலது கையின் மூன்று விரல்கள் கட்டரோடு இருக்க, மடங்கியிருந்த மோதிர விரலின் கணுவால் பட்டன்களைத் தட்டினார். நேராக மேலிருந்து தட்டவில்லை. ஓரத்தில், சாய்வாக, கோழி கொத்துகிற மாதிரி. இத்தனை வருஷத்தில் அவர் அப்படி அழுத்துகிறார் என்பதை யாரும் கவனித்ததில்லை, அவரே கவனித்ததில்லை.

நூறு. கழித்தல் நாலு. ஈக்குவல்.

தொண்ணூற்றாறு.

"இன்னொரு தடவை," என்றாள் மனைவி.

தொண்ணூற்றாறு.

"இன்னொரு தடவை. பார்லர்க்காரி வாசல்ல நின்னு கத்துறான்னு நினைச்சுக்கிட்டு அழுத்துங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தட்டினார்.

தொண்ணூற்றிரண்டு.

ரேடியோ போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. மகள் அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவர் நம்பாமல் மறுபடி மறுபடி தட்டினார். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றிரண்டு. "இங்க பாரு! இங்க பாரு!" என்று ஒவ்வொரு தொண்ணூற்றிரண்டுக்கும் பரிசு விழுந்தவர் மாதிரி எல்லோரிடமும் காட்டினார். சத்தம் கேட்டு பார்லர் அக்கா பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னண்ணே, கண்ணாடி உடைஞ்சிருச்சா?"

"இல்லம்மா. கால்குலேட்டர் கெட்டுப்போச்சு!"

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டவள், காரணம் தெரியாமலே தானும் சிரித்துவிட்டுப் போனாள்.

ரேடியோ சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டான். பின்பக்க ரப்பர் கால்களை நெம்பி எடுத்தால் அடியில் ஸ்க்ரூக்கள். உள்ளே பட்டன் தகட்டைப் பிளாஸ்டிக் முளைகள் பிடித்திருந்தன. முளைகளின் தலையை உருக்கி அமுக்கியிருந்தார்கள். பிளேடால் பொறுமையாகச் சீவினான். பேச்சு மட்டும் நிற்கவில்லை. தகடு பிரிந்ததும், ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் மீன் செதில் மாதிரி ஒரு சின்ன உலோக வில்லை தெரிந்தது. அழுத்தினால் குழிந்து, விட்டால் மேலே எழும்பும் வில்லை. அந்த 'க்ளிக்' சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

ஈக்குவலின் அடியில் மட்டும் கறுப்பாக மெழுகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ரேடியோ அதை விரலில் தொட்டு மோந்து பார்த்தான்.

"மண்ணெண்ணெய், மாமா. அதுல கண்ணாடித் தூளு. கட்டரைத் தொட்ட கையாலயே தட்டித் தட்டி, ஓரம் வழியா உள்ள இறங்கியிருக்கு."

ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தான். அடியில் இருந்த வில்லையை வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரத்தில் முடி அளவு விரிசல் தெரிந்தது. நேராக அழுத்தினால் பரவாயில்லை; சாய்த்துத் தட்டினால் விரிசல் தனியாக ஒரு தரம் துள்ளும்.

"இது துடைச்சாப் போகாது. வில்லை மாத்தணும். இந்த மாடலுக்கு வில்லை எங்கயும் கிடைக்காது," என்றவன் மற்ற பட்டன்களை ஒரு பார்வை பார்த்தான். "மாமா, இந்த மூலைல ஒண்ணு இருக்கே, இதை என்னிக்காவது அழுத்தியிருக்கீங்களா?"

"அது என்னது, டிக் அடிச்ச மாதிரி?"

"வர்க்கமூலம்."

"அது எந்த ஜன்னலுக்கு?"

ரேடியோ வர்க்கமூலத்தின் வில்லையை எடுத்து ஈக்குவலுக்கு வைத்தான். ஒரு தடவைகூட அழுத்தப்படாமல் புதுசாகவே இருந்த வில்லை. விரிசல் விழுந்ததை வர்க்கமூலத்தின் இடத்துக்கு அனுப்பினான். முளைகளைச் சூட்டுக்கோலால் தொட்டு மறுபடி உருக்கி அமுக்கினான். பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம் சமையலறை வரைக்கும் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

கண்ணாடிக்காரர் மோதிர விரல் கணுவால் தட்டினார். சாய்வாக, ஓரத்தில், வேண்டுமென்றே முரட்டுத்தனமாக. தொண்ணூற்றாறு. டீ மறுபடி சூடாகி வந்து காலியான பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறைவிட்டு அது அசையவில்லை.

"வேற ஒண்ணு வாங்கிடுங்கப்பா, இனிமேலாவது," என்றாள் மகள்.

அவர் கால்குலேட்டரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுதாம்மா ஆச்சரியம். நான் தப்பாச் சொல்லுவேன்னு நினைச்சேன். இது தப்பாச் சொல்லும்னு ஒரு நாள்கூடத் தோணலை. மனசுல ஒரு நம்பர் வரும், இதுல வேற வரும். நான் மனசை அழிச்சுட்டு இதை எடுத்துக்குவேன்."

"இனிமே ரெண்டும் ஒத்துப்போகலைன்னா?" என்று கேட்டாள் மனைவி.

"நிறுத்திட்டு உன்னைக் கூப்பிடுறேன்."

மறுநாள் காலையிலேயே பார்லர் கண்ணாடியைப் படுக்க வைத்தார்கள். கடைக்கூரை முழுவதும் அதில் இறங்கி வந்துவிட்டது போல இருந்தது. அவர் ஓரத்திலிருந்து ஓரம் வரை மென்மையாகத் துடைத்தார். அளவைத் தட்டினார். மனசுக்குள் ஒரு முறை கழித்துப் பார்த்துக்கொண்டார். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டார். திரைக்கு அந்தப் பக்கம் கத்திச் சத்தம் நின்றது. மனைவி வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

பட்டு கிழிந்தது. நடுவில் தயங்காமல், அழுத்தம் மாறாமல், ஒரே இழுப்பு.

"விழுந்துச்சு," என்றாள் அவள் உள்ளேயிருந்து.

ரேடியோவும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கீறலை மேஜை விளிம்புக்கு நகர்த்தி, ஒரே நேரத்தில் அமுக்கினார்கள். டப்பென்று நேராகப் பிரிந்தது. அன்று சாயங்காலம் அது பார்லர் சுவரில் ஒரு மயிரிழை கூடக் குறையாமல் போய் உட்கார்ந்தது. பார்லர் அக்கா முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஐயோ அண்ணே, இப்படியா இருக்கேன் நான்? முதல்ல எனக்கு முடி வெட்டணும்," என்றாள்.

காற்றுக் காலம் முடிகிற சமயம். வெயில் திரும்பியிருந்தது. ஒரு நாள் கண்ணாடிக்காரர் ஒரு கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர், அதே கண்ணாடியோடு திரும்பி வந்தார். வீட்டில் மகளும் ரேடியோவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையைப் பார்த்ததும் ரேடியோவின் பேச்சு பாதியில் நின்றது. மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க? குறைஞ்சிருச்சா?"

"இல்ல."

"கூடிடுச்சா?"

"அளவெல்லாம் அச்சு மாதிரி இருக்கு." அவர் கண்ணாடியைச் சுவரில் சாய்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த வீட்டுக்காரரு பழைய கதை எல்லாம் பேசிக்கிட்டே இருந்தாரா, பேச்சு சுவாரசியத்துல உடையாத ஜன்னலை அளந்துட்டு வந்துட்டேன்."

மகள் வாயில் போட்ட ரொட்டியை மெல்வதை மறந்து அவரையே பார்த்தாள்.

அவர் எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இது மிஷின் இல்லடா மச்சான். சத்தியமா நான்தான்!" என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.